குண்டைக் கரைத்தால் குறி கைவருமா?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ம் ஆண்டு இந்தியா பெற்ற பதக்கங்கள் மொத்தம் ஆறு. அந்த ஆறில் மூன்று, துப்பாக்கி சுட்டு வாங்கியவை. மூன்றும் வெண்கலம். அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் ஒன்று பெற்றார். சரப்ஜோத் சிங்குடன் ஜோடி சேர்ந்து இன்னொன்றும் பெற்றார். மூன்றாவதைக் கொண்டுவந்த சுவப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்துக்காரர். மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் சுட்டது ரைபிள்தான். ஆனாலும் கல்யாண் முதல் வி.டி. வரை, லோக்கலில் நின்றுகொண்டே பேப்பர் படிக்கும் ஆட்களுக்கு அன்று அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சோதனைக்கு வருகிற டி.டி.இ.யை அதுவரை யாரும் அவ்வளவு அன்போடு நினைத்ததில்லை.

அதன் பிறகு மும்பையிலும் தானா, டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கங்களிலும் பிள்ளைகளைச் சுடுதளத்தில் சேர்க்கலாமா என்ற பேச்சு தமிழர் வீடுகளிலும் நுழைந்தது. நல்ல பேச்சுத்தான். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு விளையாட்டுச் சாமானே வாங்கித் தராத வீடுகளில் இது ஒரு முன்னேற்றம். ஆனால் பேச்சு தொடங்குகிற இடம் சரியில்லை. தகப்பனார் கேட்கும் முதல் கேள்வி: "எந்தப் பிஸ்டல் வாங்கலாம்?" இரண்டாவது கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை குண்டு சுடவேண்டும்?"

முதல் கேள்வி கிரெடிட் சொசைட்டிக் கடனில் கொண்டுபோய் விடுகிறது. வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டாவது கேள்வி பிள்ளையின் கையைக் கெடுக்கிறது. முதலாவதை விட இரண்டாவதில்தான் நஷ்டம் அதிகம். கடனைத் தவணையில் கட்டிவிடலாம். கையில் ஏறிய கெட்ட பழக்கத்தை இறக்க வருஷங்கள் ஆகும்.

சட்டைப் பொத்தான் அளவு

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில், 17 சென்டிமீட்டர் சதுரமான ஓர் இலக்கு பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் நடுவில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கறுப்பு வட்டம். அதற்கும் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம். அதன் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான். சுடுகிற ஈயக் குண்டு 4.5 மில்லிமீட்டர். குண்டு அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டாலும் பத்துத்தான். நின்றுகொண்டு, ஒரே கையால், 75 நிமிடத்தில் 60 குண்டு சுடவேண்டும். முழு மதிப்பெண் 600. பாரிசில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. அதாவது அறுபது குண்டுகளில் ஏறக்குறைய நாற்பது, சட்டைப் பொத்தானுக்குள்.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது, "அடேயப்பா, கை என்ன கல்லா!" என்பதுதான். கை கல் அல்ல. உலகத்தில் எந்தச் சுடுநர் கையும் ஆடாமல் நிற்பதில்லை. ஒரு கிலோ எடையைக் கை நீட்டிப் பிடித்தால் ஆடத்தான் செய்யும். இருதயம் துடிக்கும்போதும் ஆடும். கை ஆடுவதை நிறுத்த முயல்கிற பிள்ளைதான் முதலில் தோற்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். பிஸ்டலின் முனையில் ஒரு குறி, பின்பக்கத்தில் பள்ளம் போட்ட இன்னொரு குறி. பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் முன்குறி சமமாக நிற்கவேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒரே அளவு வெளிச்சம் தெரியவேண்டும். தலைமட்டம் ஒன்றாக இருக்கவேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நின்றபடியே, கை முழுவதும் எட்டு மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குண்டும் எட்டு மில்லிமீட்டர்தான் நகரும். அப்போதும் அது பத்தின் ஓரத்தைத் தொட்டுவிடும். கை ஆடியதற்குத் தண்டனை கிடையாது.

இப்போது கை ஆடவே இல்லை. மணிக்கட்டு மட்டும் ஒரு நூலளவு திரும்பியது. முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகியது. இரு குறிகளுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். இலக்கோ பத்து மீட்டரில். ஆகவே இங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே 30 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. பத்து போய் ஏழு வரும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒன்பதுதான்.

இந்தக் கணக்கை முதல் நாளே கரும்பலகையில் எழுதிக் காட்டாத பயிற்சியாளர், பிள்ளையின் கண்ணை எங்கே வைக்கவேண்டும் என்று பிறகு நூறு தடவை கத்தினாலும் பலன் இல்லை. கண் இருக்கவேண்டியது முன்குறியின் மேல். இலக்கின் மேல் அல்ல. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்குறி ஊசிபோல் தெளிவாகத் தெரிந்தால் கறுப்பு வட்டம் புகைபோல மங்கித் தெரியும். அப்படித் தெரிவதுதான் சரி.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் மனத்தில் ஏறாது. துரோணர் கேட்டபோது, மரமும் கிளையும் தெரியவில்லை, பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்று சொன்ன அர்ச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பிஸ்டல் பிடித்த பிள்ளை அப்படிப் பதில் சொன்னால் அது அன்றைய பாடத்தில் தோல்வி. "பறவை மங்கலாகத் தெரிகிறது ஐயா, அம்பின் முனை மட்டும் பளிச்சென்று தெரிகிறது" என்பதுதான் இங்கே சரியான பதில். அதனால்தான் தேர்ந்தவர்கள் கறுப்பின் மையத்தைக் குறிவைப்பதில்லை. அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பரப்பில் குறிகளை நிறுத்துகிறார்கள். வெள்ளையில் கறுப்புக் குறி நன்றாகத் தெரியும். மையத்தைத் தேடும் ஆசையும் குறையும்.

விரல் செய்யும் துரோகம்

விசையை இழுப்பதில்தான் பெரும்பாலான மதிப்பெண் போகிறது. ஏர் பிஸ்டல் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கவேண்டும் என்பது விதி. அரைக் கிலோ. பிஸ்டலின் மொத்த எடையில் அது ஏறக்குறைய பாதி. இந்த அரைக் கிலோவை மற்ற விரல்களுக்குத் தெரியாமல் ஒரே விரல் தரவேண்டும்.

புதுப் பிள்ளை என்ன செய்கிறது? கை ஆடுகிறது. குறி மையத்தைக் கடந்து போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. "இதோ, இப்போது!" என்று மனம் சொல்லும் கணத்தில் விரல் வெடுக்கென்று இழுக்கிறது. விரலோடு சேர்ந்து உள்ளங்கையும் இறுகுகிறது, மணிக்கட்டும் குனிகிறது. வலக்கைக்காரருக்குக் குண்டு இடது பக்கம் கீழே போய் விழுகிறது. உடனே பிள்ளை திருகாணியைத் திருகிப் பின்குறியை வலப்பக்கம் மேலே தள்ளுகிறது. அடுத்த குண்டு ஒழுங்காக இழுபட்டால், அது வலப்பக்கம் மேலே போகிறது. திரும்பவும் திருகாணி. மாலைக்குள் அரை டப்பா குண்டு தீர்ந்திருக்கும். "பிஸ்டல் சரியில்லை" என்ற புகாரோடு பிள்ளை வீட்டுக்கு வரும். தகப்பனாரும் நம்பிவிடுவார். அவருக்கும் மனத்துக்குள் விலை உயர்ந்த பிஸ்டல் ஒன்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் குப்பியை எப்படி அழுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். மெதுவாக, விடாமல், கூட்டிக்கொண்டே அழுத்துகிறார்கள். சொட்டு எப்போது விழும் என்று அவர்கள் தீர்மானிப்பதில்லை. அது விழும்போது விழுகிறது. விசையும் அப்படித்தான். குறிகள் ஒழுங்காக நிற்கும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகவேண்டும். குண்டு புறப்படுவது ஒரு சிறு ஆச்சரியமாக இருக்கவேண்டும். கையின் ஆட்டத்தை அதன் போக்கில் விட்டுவிடவேண்டும். எட்டு மில்லிமீட்டர் கணக்கு காப்பாற்றும்.

குண்டு போன பிறகும் வேலை முடிவதில்லை. ஓரிரு விநாடி அப்படியே நின்று, குண்டு புறப்பட்ட கணத்தில் முன்குறி எங்கே இருந்தது என்று நினைவில் பிடித்து, திரையைப் பார்க்கும் முன்பே "இது வலப்பக்கம் ஒன்பது" என்று தனக்குள் சொல்லவேண்டும். சொன்னதும் திரையும் ஒத்துப்போனால் பிள்ளை கற்கிறது என்று அர்த்தம். ஒன்பது வந்தாலும் பரவாயில்லை. எங்கே போனது என்று தெரியாமல் விழுந்த பத்தைக் கொண்டாடுவதில் பயன் இல்லை.

நிற்பதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. லோக்கலில் பிடி கிடைக்காமல் நிற்கிறவனுக்குக் காலை எவ்வளவு அகலம் வைக்கவேண்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டாம். தோள் அகலம். உடல் இலக்குக்கு ஏறக்குறைய பக்கவாட்டில். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, இறக்கி, கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். கை இலக்குக்கு இடப்பக்கம் நின்றால் கையைத் திருப்பக் கூடாது; கால்களை நகர்த்தவேண்டும். கையைத் திருப்பி நிறுத்துகிறவர் அறுபது குண்டும் தம் தசையோடு மல்லுக்கட்டியே தீரவேண்டியிருக்கும்.

சுவரே ஆசான்

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வரலாம். ஒரு நாளைக்கு எத்தனை குண்டு?

முதல் சில மாதங்களில், குண்டு போடாமல் பழகும் நேரம் குண்டு போட்டுச் சுடும் நேரத்தை விட அதிகமாக இருக்கவேண்டும். இன்றைய போட்டிப் பிஸ்டல்களில் காற்றோ குண்டோ இல்லாமல் விசையை மட்டும் பழகுவதற்கென்றே வசதி உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். இலக்கு கிடையாது. மதிப்பெண் கிடையாது. பார்ப்பதற்கு முன்குறி ஒன்றுதான் இருக்கிறது. விசை விடுபடும் கணத்தில் முன்குறி துள்ளினால் தவறு கண்ணுக்கு நேரே தெரியும். குண்டு சுடும்போது இந்தத் தவறைக் காற்றின் உதைப்பும் சத்தமும் மறைத்துவிடுகின்றன. சுவர் எதையும் மறைக்காது.

இதற்குப் பத்து மீட்டர் கூடவேண்டாம். பத்துக்குப் பத்து அறை போதும். மும்பையில் இட நெருக்கடியால் கெடாத விளையாட்டுப் பயிற்சி ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

"வீட்டில் பிஸ்டல் இல்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சங்கத்துப் பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். அப்படியானால் சங்கத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் முதல் அரை மணியைச் சுவருக்குக் கொடுக்கவேண்டும். மீதியில் இருபது முப்பது குண்டு, ஒவ்வொன்றையும் கணக்கெழுதிச் சுட்டால் போதும். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கை நீட்டி அரை நிமிடம் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி பிடித்துப் பழகலாம். இது தோளுக்கு மட்டும்தான் பயிற்சி, குறிக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சில பயிற்சிக்கூடங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நூறு, நூற்றைம்பது என்று சுடவிடுகிறார்கள். குண்டு அவர்களே விற்பது. அதனால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. பெற்றோரும் "பிள்ளை இன்று நூற்றைம்பது சுட்டான்" என்று பெருமைப்படுகிறார்கள். எண்பதாவது குண்டுக்குமேல் தோள் சோர்ந்து, கண் மங்கி, விரல் வெடுக்கென்று இழுக்கும். அந்த எழுபது குண்டும் தவறை நன்றாகப் பழகிக்கொள்ளும் பயிற்சி. இதற்குக் கட்டணம் வேறு. ஐந்நூறு குண்டு டப்பா நான்கு நாளில் தீர்கிற வீட்டில் அந்த மாதச் செலவை யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவேண்டும்.

கையை இறக்குவதும் திறமை

கையை இலக்குக்கு மேலே உயர்த்தி, மூச்சைப் பாதி விட்டு, மெல்லக் கீழே கொண்டுவந்து நிறுத்தியபின், குண்டு போகவேண்டிய காலம் ஆறு முதல் எட்டு விநாடி. அதற்குள் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடவேண்டும். எட்டு விநாடிக்குமேல் கண் ஏமாற்றும். குறி சரியாக நிற்பதுபோலவே தோன்றும், நிற்காது. ஆனால் பிள்ளைகள் இறக்குவதில்லை. ஏற்றிய கையை வெறுமனே இறக்குவது தோல்வி என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் சுடுகிறவர் பார்ப்பாரே என்ற கூச்சம் வேறு.

75 நிமிடம், 60 குண்டு. ஒரு குண்டுக்கு 75 விநாடி வருகிறது. எட்டு விநாடி வேலைக்கு 75 விநாடி கொடுத்திருக்கிறார்கள் என்றால், இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதற்காகத்தான். ஆனால் அந்தக் கால அவகாசம் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை மனு பாக்கரே அனுபவித்தார். டோக்கியோ ஒலிம்பிக், 2021-ம் ஆண்டு. தகுதிச் சுற்றின் நடுவில் அவர் பிஸ்டல் பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் மதிப்பான நேரம் ஓடிவிட்டது. மீதிக் குண்டுகளை அவசரத்தில் சுடவேண்டியதாயிற்று. 575 எடுத்து 12-வது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அன்று அவர் பட்ட ஏமாற்றத்தை நாடே பார்த்தது, ஏசியவர்களும் உண்டு. பிரிந்திருந்த பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவிடம் 2023-ல் மறுபடி போய்ச் சேர்ந்தார். பாரிசில் இறுதிச் சுற்றில் 221.7 எடுத்து வெண்கலம். அடுத்த இடத்திலிருந்த கொரியப் பெண்ணுக்கும் அவருக்கும் அந்தக் கட்டத்தில் இருந்த வித்தியாசம் 0.1.

சரப்ஜோத் சிங் கதை இன்னும் நெருக்கமானது. பாரிசில் தனிப் போட்டியின் தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 577. எட்டாவது இடத்துக்கு வந்த ஜெர்மானியரும் 577. பத்து வட்டத்துக்குள்ளே ஐந்து மில்லிமீட்டரில் இன்னொரு உள்வட்டம் உண்டு. அதில் ஜெர்மானியர் 17 குண்டு வைத்திருந்தார், சரப்ஜோத் 16. அந்த ஒன்றினால் ஒன்பதாவது ஆகி வெளியே வந்தார். மூன்று நாள் கழித்து மனுவோடு நின்று வெண்கலம் வென்றார். அந்த மூன்று நாளில் அவர் பிஸ்டலை மாற்றவும் இல்லை, ஆயிரம் குண்டு சுட்டு ஈடுகட்டவும் நேரம் இல்லை. ஒவ்வொரு குண்டையும் ஒரே வரிசைப்படி சுடும் பழக்கம் வேரூன்றியிருந்தது. அதில் போய் நின்றார்.

இந்த வரிசை பழக்கத்தில்தான் வரும். காலடி, பிடி, மூச்சு, குறி, விசை, நினைவு. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து அன்றன்று எழுதவேண்டும். எத்தனை மதிப்பெண் என்று எழுதுவதை விட, எத்தனை தடவை கை இறக்கினோம், எத்தனை குண்டின் போக்கை முன்கூட்டிச் சொன்னோம் என்று எழுதுவது நல்லது. லெட்ஜர் எழுதிப் பழகிய குமாஸ்தாக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் கஷ்டமான காரியம் அல்ல.

ஒரு கை போனால்

கருவிதான் எல்லாம் என்று நினைப்பவர்கள் ஹங்கேரி நாட்டுக் கரோலி டகாச்சைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். ராணுவத்தில் இருந்தவர், பிஸ்டலில் தேர்ந்தவர். 1938-ம் ஆண்டு பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. சுட்ட கை அதுதான். மனிதர் இடக்கையால் அடியிலிருந்து பழகினார். உலகப் போரால் இரண்டு ஒலிம்பிக் நடக்காமல் போயிற்று. 1948-ல் லண்டனில் விரைவுப் பிஸ்டலில் தங்கம். 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். தசையில் இருந்த பழக்கம் முழுவதும் வலக்கையோடு போய்விட்டது. ஆனாலும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அதை இன்னொரு கைக்குக் கற்றுக்கொடுத்தார்.

பாரிசில் துருக்கி நாட்டு யூசுப் டிகெச்சின் படம் உலகமெல்லாம் சுற்றியது. ஒரு கை பாக்கெட்டில், கண்ணில் சாதாரணக் கண்ணாடி, வெள்ளிப் பதக்கம். "ஒரு உபகரணமும் இல்லாமல் ஜெயித்தார்" என்று எழுதித் தள்ளினார்கள். பாதிதான் உண்மை. கையிலிருந்த பிஸ்டல் முதல் தரமானது. கையைப் பாக்கெட்டில் வைப்பதும் அலட்சியம் அல்ல. உடல் ஆடாமலிருக்கப் பிஸ்டல்காரர்கள் பலரும் செய்வது. எழுதவேண்டிய செய்தி வேறு. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். 2008-லிருந்து போய்க்கொண்டிருந்தவர். அப்போது அவர் வயது 51.

51 என்பதைக் கவனிக்கவேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார்களுக்கும் இது விளையாட்டுத்தான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு: படிக்கிற கண்ணாடி போட்டால் முன்குறி எட்டாது, கழற்றினாலும் தெளியாது. கண்ணாடிக் கடையில் சொல்லி, நீட்டிய கையின் தூரத்துக்கு ஏற்ற ஒரு சில்லு செய்துகொண்டால் தீர்ந்தது. சுடாத கண்ணை இறுக மூடக் கூடாது. மற்றக் கண்ணும் சேர்ந்து சோர்ந்துவிடும். ஒரு துண்டு அட்டையால் மறைத்தால் போதும்.

வேலை கிடைக்குமா?

நேராகவே பேசிவிடலாம். நம்மவர்கள் இதில் கண்ணை வைப்பதற்கு வேலையும் ஒரு காரணம். தவறு இல்லை. ரயில்வே விளையாட்டுக்காரர்களை எடுத்துக்கொள்கிறது. குசாலே 2015-ல் ரயில்வேயில் சேர்ந்தார். பதக்கத்துக்குப் பின் பதவி உயர்வும் பெற்றார். லண்டனில் 2012-ல் விரைவுப் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய்குமார் ராணுவத்தில் இருந்தபடியே பழகியவர். சம்பளத்தைப் பற்றிய கவலை இல்லாமல் பத்து வருஷம் பழகக் கிடைப்பது பெரிய பாக்கியம். ஆனால் அந்த வாசலில் நிற்பவர்கள் மிகப் பலர். உள்ளே போகிறவர்கள் சிலர். இதை நம்பிப் பத்தாம் வகுப்பில் படிப்பை விடும் பிள்ளைக்கு வேலையும் கிடைக்காது, குறியும் வராது. வேலை வேண்டும் என்ற எண்ணத்தோடு விசையைத் தொடுகிற விரல் வெடுக்கென்றுதான் இழுக்கும்.

ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்துக்கு இது எட்டாத கனி என்று சொல்வதற்கும் இடமில்லை. இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார்; டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். மும்பையில் பழகிய அஞ்சலி பாகவத் என்.சி.சி. வழியாகத் துப்பாக்கி பிடித்து, 2000-ல் சிட்னி ஒலிம்பிக் இறுதிச் சுற்றுவரை போனவர். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் பிள்ளையை முதலில் அதில் சேர்ப்பதே செலவில்லாத வழி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. 25 மீட்டர் போட்டிக்கான.22 பிஸ்டலுக்கு அவசியம் வேண்டும். உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. சாளின் நடைபாதையில் எடுத்துக் காட்டுவது, ஜன்னல் வழியாகப் புறாவைக் குறிபார்ப்பது, நண்பனை நோக்கி விளையாட்டாக நீட்டுவது இவற்றில் ஒன்றைச் செய்தாலும் அந்தப் பிள்ளையை அன்றே நிறுத்திவிடவேண்டும். ரயிலில் கொண்டுபோனால் பூட்டிய பெட்டியில், சங்கத்து அடையாள அட்டையும் வாங்கிய ரசீதும் கையில் இருக்கவேண்டும். சோதனையில் போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அவரிடம் கோபித்துப் பயன் இல்லை. அவருக்கு அது பிஸ்டல்தான்.

வொர்லியில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. புனேயில் பாலேவாடி இருக்கிறது. அம்பர்நாத்திலிருந்து பள்ளி முடிந்து ஒரு பிள்ளை வொர்லிக்குப் போய்த் திரும்ப இரவு ஒன்பது ஆகும். இங்கேதான் தமிழ்ச் சங்கங்களின் நினைவு வருகிறது. பொங்கல் விழாவுக்கு ஊரிலிருந்து பேச்சாளரை வரவழைக்கும் செலவை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பத்து மீட்டர் சுடுவதற்கு வேண்டியது பதின்மூன்று பதினான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம், பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பு, நல்ல வெளிச்சம், மாநில ரைபிள் சங்கத்தின் மேற்பார்வை. சங்கக் கூடங்களில் பல வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தான் கிடக்கின்றன.

பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பிஸ்டல் வாங்கினால், தனித்தனியாகப் பத்துக் கடன் வேண்டாம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும். இந்தப் பிஸ்டல்களின் மரப் பிடி கழற்றி மாட்டக்கூடியது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பெரிய பிடியைக் கொடுத்தால் அவள் விரல் விசையை நுனியில்தான் தொடும்; எத்தனை மாதம் பழகினாலும் குண்டு பக்கவாட்டில் போகும். ஆகவே சிறிய பிடி ஒன்றும் நடுத்தரப் பிடி ஒன்றும் சேர்த்தே வாங்கவேண்டும். பிள்ளைகளில் இடக்கையர் இருந்தால் அவர்களுக்கு வேறு பிடி. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.